எந்த ஊர்? – ஈரெழுத்துச் சொல்லொன்றின் பல பிறவிகள்

1999ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, ஜேர்மனியின் தொழில் நகரமொன்றில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். அவருடைய மாமியார் தாயகத்திலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதங்கூட நிறைவுறவில்லை. பேரனுக்கு ஆறு வயது. டொச்சிலே எண்ணித் தமிழிலே பேசும் பிள்ளை. தொலைக்காட்சியில் தனக்கு விருப்பமான நிகழ்ச்சி தொடங்கிவிட்டதோ என்ற அவசரம் அவனுக்கு. மணிக்கூடு பார்க்க இன்னும் பழகாத அவன் அம்மம்மாவிடம் ஓடிவந்து, "அம்மம்மா, இப்ப எத்தினை ஊர்?" என்று கேட்டான்.

அம்மம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எத்தினை ஊரெண்டோ கேக்கிறாய், ராசா? பொறு, எண்ணிச் சொல்லுறன்" என்று விரல்களை மடிக்கத் தொடங்கினார். புத்தூர் ஒன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது ஒதுங்கிய சாவகச்சேரி இரண்டு. கடல்நீரேரியைக் கடந்து சேர்ந்த கிளிநொச்சி மூன்று. அங்கிருந்தும் ஓடிய மல்லாவி நான்கு. வவுனியா ஐந்து. விசாவுக்காகக் காத்திருந்த வெள்ளவத்தை ஆறு. "இதோட ஏழு, மோனை" என்று முடித்தார். "ஏழோ!" என்று துள்ளிய பையன் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி ஓடிவிட்டான். அவன் வினவியது மணி. டொச்சு மொழியிலே மணிக்கும் மணிக்கூட்டுக்கும் 'ஊர்' என்றே பெயர்.

அன்றிரவு அவ்வீட்டில் எல்லோரும் சிரித்தனர், அம்மம்மாவும் சிரித்தார். ஆயினும் அந்த ஈரெழுத்து அன்றுதொட்டு எம்மை விட்டு அகலவில்லை. நாம் புகலிடம் தேடிச் சென்ற நாடுகள் பலவற்றிலும் இதே ஒலி எம்மவர் செவியில் வேறு வேறு பொருளோடு வந்து விழுகின்றது. எம்மிடம் எவரேனும் முதன்முதலிற் கேட்கும் வினாவும், அகதி விசாரணை அறையிலே எம்மவர் பலரை இடறவைத்த வினாவும் அதுவேயாகையால், இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வீண்வேலையாகாது என எண்ணுகின்றோம்.

முதலிலே அப்பையனின் 'ஊரை' எடுத்துக்கொள்வோம். இது கிரேக்கத்திலே பிறந்தது. பருவம், காலப்பகுதி, நாளின் ஒரு கூறு என்றெல்லாம் பொருள்பட்ட 'ஹோரா' என்னும் கிரேக்கச் சொல் இலத்தீனுக்குட் புகுந்தது. அங்கிருந்து இத்தாலியில் 'ஓரா', பிரெஞ்சில் 'ஏர்', ஆங்கிலத்தில் 'அவர்' எனப் பிரிந்தது. பழைய பிரெஞ்சின் வழியே வட ஜேர்மானியக் கிளைமொழிகளுக்குச் சென்று, ஈற்றிலே டொச்சில் 'ஊர்' என நிலைபெற்றது. டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளிலும் மணிக்கூட்டை 'ஊர்' என்று சொல்லும் வழக்கு உண்டு. டொச்சுக்காரர் வாயிலே ஈற்று ரகரம் தேய்ந்தே ஒலிக்கும்; ஆனால் எம்மவர் செவி அதனை நிரப்பிக்கொள்கின்றது.

இவ்விடத்தில் ஒரு வியப்பு உண்டு. அதே கிரேக்கச் சொல் மேற்கே மட்டும் செல்லவில்லை, கிழக்கேயும் வந்தது. கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டுகளிலே கிரேக்கரின் சோதிடக் கலை இந்தியாவை அடைந்தபோது 'ஹோரா'வும் உடன்வந்து வடமொழியிற் குடியேறிற்று. ஆறாம் நூற்றாண்டிலே வாழ்ந்த வராகமிகிரர் தமது சோதிட நூலில் இச்சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகின்றார். பகலும் இரவும் சேர்ந்ததைக் குறிக்கும் 'அகோராத்ர' என்னும் சொல்லின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆயிற்று எனச் சிலர் கொள்வர் என்பது அவ்விளக்கம். வந்த சொல்லை வீட்டுப் பிள்ளையாக்கிக் காட்டும் இவ்வாசை அன்றே இருந்திருக்கின்றது! அச்சொல்லே தமிழ்ப் பஞ்சாங்கத்தில் 'ஓரை' எனப்படுவது. சுக்கிர ஓரை, குரு ஓரை என்று எமது வீட்டுப் பெரியோர் நல்வேளை பார்த்துப் பிரயாணம் புறப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். தொல்காப்பியத்திலே வரும் 'ஓரை' தூய தமிழ்ச் சொல்லே என்று வாதிடுவோர் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், சோதிடத்து ஓரை கிரேக்க வழியது என்பதில் அறிஞரிடையே பெரிய ஐயம் இல்லை.

ஆகவே, அம்மம்மாவின் மடியிலே கிடந்த பஞ்சாங்கத்தின் 'ஓரை'யும், பேரன் கேட்ட டொச்சு 'ஊரும்' ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அம்மம்மா விரல்விட்டு எண்ணிய 'ஊர்' அவற்றுக்கு எவ்வகை உறவும் இல்லாதது. ஒலியிலே ஒன்றாய் இருப்பவை உறவற்றிருக்க, ஒலியிலே விலகி நிற்பவை உடன்பிறந்தவையாய் இருக்கின்றன. இக்கட்டுரை முழுவதிலும் வாசகர் மனத்தில் வைத்திருக்கவேண்டியது இவ்வொன்றே.

ஏனைய 'ஊர்'களை விரைந்து பார்த்துச் செல்வோம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையேயுள்ள மலைநாட்டிலே வழங்கும் பாஸ்க் மொழியில் 'ஊர்' என்றால் தண்ணீர். எமது 'ஊறு', 'ஊற்று' என்பன உடனே நினைவுக்கு வரும். பாஸ்க் மொழியையும் திராவிட மொழிகளையும் உறவாக்க முயன்ற ஆர்வலர்களும் இருந்தனர். எனினும் எமது 'ஊறு' வல்லின றகரம் பெற்ற வேறொரு சொல் என்பதைச் சிறு வகுப்பு மாணவனும் அறிவான். ஹங்கேரி மொழியில் 'ஊர்' என்பது கனவான். பெயருக்குப் பின்னே சேர்த்தால் 'திரு' என்னும் மரியாதை. ஆண்டவனுக்கும் அதுவே பெயர். வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த எம்மவர், மலையடிவாரத்தில் உடைந்து சரிந்து கிடக்கும் கற்குவியலை அந்நாட்டவர் 'ஊர்' என்பதைக் கேட்டிருப்பர்.

ஐரோப்பாவிலே முன்னர் திரிந்த மாபெரும் காட்டெருதுக்கும் டொச்சில் 'ஊர்' என்று பெயர் உண்டு. ஜூலியஸ் சீசர் தமது போர்க்குறிப்புகளிலே யானையிலும் சற்றே சிறியது என்று அவ்விலங்கை வருணித்துள்ளார். அவ்வினத்தின் கடைசி விலங்கு 1627ஆம் ஆண்டு போலந்திலே இறந்தது. சுவிற்சர்லாந்தின் ஊரி மாநிலக் கொடியில் மூக்கு வளையத்தோடு காணப்படும் கருங்காளைத் தலையை அங்கு வாழும் எமது வாசகர்கள் அறிவார்கள். மாநிலத்தின் பெயரே அக்காளையால் வந்தது என்பது மக்கள் வழக்கு. அறிஞர்கள் அதிலே உடன்படுவதில்லை.

வடமொழியில் 'ஊரு' என்பது தொடை. துரியோதனன் தொடை பிளந்து வீழ்ந்த கதையைப் பாசகவி 'ஊருபங்கம்' என்று நாடகமாக்கினார். சிங்களத்திலோ 'ஊரு' என்றால் பன்றிகள்! வடமொழியின் 'சூகர' என்னும் சொல் தேய்ந்து தேய்ந்து அவ்வாறாயிற்று. தென்பகுதியில் உத்தியோகம் பார்த்த எமது பெரியவர்கள், "ஊருக்குப் போறன்" என்று உரத்த குரலிற் சொல்லிவிட்டுச் சிங்கள நண்பரின் முகத்தைப் பார்த்துச் சிரித்த கதைகளை நாம் சிறுவயதிலே கேட்டிருக்கின்றோம்.

இனி, எம்மவர் மிகவும் விரும்பிப் பேசும் 'ஊர்' ஒன்று உண்டு. ஈராக் நாட்டின் தெற்கே நாசிரியா நகருக்கு அண்மையிலே மண்மேடாய்க் கிடந்த பழம்பெரும் நகரம் அது. 1922ஆம் ஆண்டிலிருந்து 1934ஆம் ஆண்டுவரை லெனாட் வூலி என்னும் ஆங்கிலேயர் அங்கு அகழாய்வு நடத்தி, அரச கல்லறைகளையும் பொன்னணிகளையும் வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன்னர் ஊர்நம்மு என்னும் மன்னன் தொடக்கிய படிக்கட்டுக் கோயிலின் அடிப்பகுதி இன்றும் அங்கே நிற்கின்றது. உலகின் முதல் நகரங்களுள் ஒன்றுக்கு 'ஊர்' என்று பெயர். ஆகவே அதனைக் கட்டியவர் தமிழரே என்று மேடைகளிலும் மலர்களிலும் முழங்கக் கேட்கின்றோம். தாய்நிலத்தை இழந்து நிற்கும் மக்களுக்கு இத்தகைய பேச்சு இனிப்பாக இருப்பதில் வியப்பில்லை. நாமும் ஒரு காலத்தில் அதில் மயங்கியவர்களே.

ஆனால் அந்நகரின் பெயர் அந்நாட்டுச் சுமேரிய மொழியில் 'ஊரிம்'. 'ஊர்' என நாம் வழங்குவது பிறர் வாயிலே ஈறு குறைந்த வடிவம். மன்னன் பெயரின் முன்னேயுள்ள 'ஊர்' முற்றிலும் வேறான சொல். அதற்கு நாய் என்பது பொருள். ஆட்பெயரிலே வரும்போது தெய்வத்துக்கு அடிமைப்பட்டவன் என்ற கருத்தைத் தரும் என்பர். எமது சைவப் பெரியார் தம்மை 'நாயேன்' என்று சொல்லிக்கொண்டதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அது கருத்தின் ஒற்றுமை. உறவுக்குச் சான்று அன்று. சுமேரியத்தில் நகரத்துக்குரிய பொதுச்சொல் 'ஊரு' அல்லது 'இரி' எனப் படிக்கப்படுவது மெய்தான். அவ்வொரு சொல்லைக் கொண்டு இரு மொழிகளை உறவாக்க இயலாது என்பதே மொழிநூலார் கூறுவது.

ஏன் இயலாது? தமிழின் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு'. 'பல்' அங்கே 'ஹல்லு'. 'பள்ளி' அங்கே 'ஹள்ளி'. அதுவே அவர்களுக்குச் சிற்றூர். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்ற ஒழுங்கு சொல்லுக்குச் சொல் தவறாது வருகின்றது. அவ்வாறே ஆங்கிலத்தின் 'ரென்' டொச்சில் 'சேன்'; 'ரூ' அங்கே 'ஸ்வை'; 'ரங்' அங்கே 'சுங்க'. இரு மொழிகளையும் பாடசாலையிலே படிக்கும் எமது பிள்ளைகள் இதனை நமக்கே சொல்லித்தருவார்கள். உறவு என்பது இத்தகைய ஒழுங்கிலே தெரிவது. தமிழ் 'ஊர்', கன்னட 'ஊரு', தெலுங்கு 'ஊரு', துளு 'ஊரு', கேரள மலைவாழ் மக்களின் குடியிருப்பாகிய 'ஊரு' ஆகியவை அவ்வாறு உறுதிப்பட்ட உடன்பிறப்புகள். சுமேரியத்தோடு அத்தகைய ஒழுங்கு எதுவும் நிறுவப்படவில்லை.

அந்நகரத்திலே எம்மை உண்மையாகத் தொடவேண்டியது வேறொன்று. கி.மு. 2004ஆம் ஆண்டளவில் கிழக்கே ஏலாம் நாட்டிலிருந்து வந்த படைகளும் அவற்றோடு சேர்ந்த மலைநாட்டவரும் அந்நகரை அழித்தனர். (ஏலாம் என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்தை நினைப்போர், மேற்சொன்ன பாலையும் பல்லையும் மீண்டும் ஒருமுறை நினைப்பார்களாக.) அழிவைப் பற்றிச் சுமேரியப் புலவர் ஒருவர் நானூறு அடிகளுக்கு மேற்பட்ட புலம்பல் ஒன்றைப் பாடிவைத்தார். களிமண் பலகைகளிலே துண்டு துண்டாய்க் கிடந்த அதனைச் சாமுவேல் நோவா கிரேமர் என்னும் அறிஞர் ஒன்றுசேர்த்து 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதிலே புலம்புபவள் அந்நகரின் காவற்றெய்வமாகிய நிங்கல். மக்கள் வீதிகளிலே கிடக்க, தன் கோயிலும் இல்லாதவளாய் அவள் வெளியேறுகின்றாள். தெய்வமே இடம்பெயர்ந்து போன கதை அது. பிடுங்கப்பட்ட ஊருக்காக மனிதர் அழுது எழுதியவற்றுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று, 'ஊர்' என்றே பெயர்கொண்ட நகரத்துக்காகப் பாடப்பட்டது. அதனைக் கட்டியவர் தமிழராயிருந்தாற்றான் அவ்வழுகை எமக்கு விளங்கும் என்பதில்லை.

விவிலியத்தின் ஆதியாகமத்திலும் இந்நகர் வருகின்றது. ஆபிரகாமின் தந்தை தம் குடும்பத்தை அழைத்துக்கொண்டு கல்தேயரின் ஊரிலிருந்து கானானை நோக்கிப் புறப்பட்டார். வழியிலே ஆரானிலே தங்கிவிட்ட அவர் அங்கேயே காலமானார். இடைவழி நாட்டிலே முடிந்துபோன எம்மவர் எத்தனை பேர்! தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் 'ஊர் என்கிற பட்டணம்' என்னும் பொருள்பட எழுதவேண்டியதாயிற்று. வெறுமனே 'ஊர்' என்றால் எந்த ஊர் என்று தமிழ் வாசகர் கேட்பார் அல்லவா? ஈபுரு மொழியிலோ 'ஊர்' என்ற ஒலிக்கு நெருப்பு, சுடர் என்ற பொருளும் உண்டு. ஆபிரகாம் கல்தேயரின் 'ஊரிலிருந்து' வெளியேறினார் என்பதை, கல்தேயரின் தீயிலிருந்து மீட்கப்பட்டார் என்று யூதப் பெரியோர் சிலர் விரித்தனர். கொடுங்கோலன் மூட்டிய உலையிலிருந்து அவர் பிழைத்த கதை அவ்வாறு நிலைபெற்றது.

இனி வருவது எமது அன்றாட வாழ்வோடு நேரே தொடர்புடையது. டொச்சு மொழியிலே சொற்களின் முன்னே ஒட்டாக வரும் 'ஊர்' ஒன்று உண்டு. இது மணிக்கூட்டு 'ஊர்' அன்று, எழுத்தும் வேறு. மிகப் பழைய, முதன்முதலான என்ற பொருளை இது தரும். பூட்டியை 'ஊர்குறோஸ்முற்றர்' என்பர், ஆதிகாடு 'ஊர்வால்ட்'. இதனாற் சிலர், எமது 'ஊர்' போலவே இதுவும் பூர்வீகத்தைக் குறிக்கின்றது என்று மகிழ்வதுண்டு. மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பவில்லை. ஆயினும் இவ்வொட்டின் பழம்பொருள் 'உள்ளிருந்து வெளியே' என்பது. சுவீடனிலே இன்றும் 'ஊர்' என்பது '-இலிருந்து வெளியே' எனப் பொருள்படும் தனிச்சொல்லாகவே வழங்குகின்றது. நாட்டைவிட்டு வெளியேற்றும் கட்டளையிலும் அச்சொல் இருக்கும். எமக்கு 'ஊர்' என்பது உள்ளே இருக்கும் இடம். அவர்களுக்கு 'ஊர்' என்பது வெளியே போகும் திசை!

அகதியாக வந்தவரின் கையிலுள்ள கோப்பினை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதலிலே கேட்கப்படுவது பிறப்பத்தாட்சிப் பத்திரம். பத்திரத்துக்கு டொச்சில் 'ஊர்குண்ட'. ஒரு செய்தியை அறியத்தரும் சான்று என்பது அதன் அடிப்பொருள். நீதிமன்றத்திலிருந்து வருவது 'உர்ரைல்'. ஊகாரம் அதிலே குறுகி ஒலிக்கின்றது. பங்கிட்டு அளிக்கப்பட்டது என்பது அதன் மூலப்பொருள், அதுவே தீர்ப்பு. விடுமுறைக்கு 'ஊர்லௌப்' என்பர். முற்காலத்திலே பிரபுவின் பணியாள் வெளியே செல்வதற்குப் பெற்ற அனுமதியையே அச்சொல் குறித்தது. 'அனுமதி'க்குரிய இன்றைய டொச்சுச் சொல்லாகிய 'ஏர்லௌப்னிஸ்' அதன் உடன்பிறப்பு. வதிவிட அனுமதியின் நெடும்பெயர் அச்சொல்லிலேதான் முடிகின்றது. ஜேர்மனியில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தஞ்சம் கோரியோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டுவதற்கு எழுத்திலே அனுமதி பெறவேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டிலேயே அக்கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்தது. பக்கத்து நகரிலே நடந்த உறவினரின் திருமணத்துக்கு அனுமதியின்றிச் சென்று, புகைவண்டியிலே பிடிபட்டுத் தண்டப்பணம் கட்டிய வாசகர்கள் எம்மிடையே உளர். விடுமுறையும் அனுமதியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதற்கு அவர்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

நாம் நெடுந்தூரம் சுற்றிவிட்டோம். எமது சொந்த 'ஊர்' என்ன சொல்கின்றது?

இலக்கண வகுப்பிலே ஆகுபெயர் படித்தது நினைவிருக்கும். ஊர் சிரித்தது, ஊர் திரண்டது என்றால் மண் சிரிக்கவில்லை, மக்களே சிரித்தார்கள். இடத்தின் பெயர் அதில் வாழ்வோருக்கு ஆகிவந்தது என்று ஆசிரியர் சொல்லித்தந்தார். சங்கத்து அகப்பாடல்களிலே தலைவியின் காதலைப் பற்றி அலர் தூற்றுவதும் ஊர்தான். ஊரடங்கு என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். பழைய வழக்கிலே மக்கள் அயர்ந்து உறங்கும் நள்ளிரவைக் குறித்த ஊரடங்கலே, எமது காலத்தில் வானொலி அறிவிக்கும் சட்டத்தின் பெயராயிற்று.

சோழர் காலக் கல்வெட்டுகளிலே இது இன்னும் தெளிவு. பிராமணர் குடியிருப்புகளின் மன்றம் 'சபை'. வணிகர் மன்றம் 'நகரம்'. வேளாளர் முதலிய ஏனையோரின் மன்றம் 'ஊர்'. நிலத்தை விற்கும்போதும் வரியை ஏற்கும்போதும் அம்மன்றத்தார் 'ஊரோம்' என்று தம்மைச் சொல்லிக் கையொப்பமிட்டனர். ஊராகிய நாம் என்பது அதன் பொருள். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அல்லூரின் கல்வெட்டுகளை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா, முற்சோழர் காலத்திலே அங்கே நிலத்தை ஊரார் பொதுவாகக் கொண்டிருந்தமையை எடுத்துக்காட்டினார். ஊர் என்பதற்குத் தன்மைப் பன்மை விகுதி சேர்த்துப் பேசக்கூடியதாய் இருந்த மொழி எம்முடையது.

சங்கப் புலவர் பலர் ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னே தாங்கினர். மதுரையார் உளர், ஈழத்துப் பூதன்தேவனார் உளர். எல்லா இடமும் எமக்கு ஊரே என்ற கருத்தைப் புறநானூற்றின் 192ஆம் பாடலிலே பாடிய கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் எடுத்தாள்கின்றோம். அவருடைய பெயரிலேயே பூங்குன்றம் என்னும் அவரது ஊர் இருக்கின்றது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? தன் ஊரைக் கைவிட்டவரல்லர் அவர்.

ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுதப்புகின் அது முடியாது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டிலே அதற்கென ஒரு நூலே செய்தார். எமது நல்லூர், புதிய ஊராகிய புத்தூர், பழைய ஊராகிய மூதூர், ஏறாவூர் முதற்கொண்டு, கடலுக்கு அப்பால் தஞ்சாவூர், மைசூர், நெல்லூர்வரை இவ்வீறு பரந்து கிடக்கின்றது. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். சிங்கப்பூரிலே உள்ளது 'ஊர்' அன்று; வடமொழிப் 'புர'. கோலாலம்பூரில் அதுவும் இல்லை; 'லும்பூர்' என்றால் மலாய் மொழியிலே சேறு.

இத்தனையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. எமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் கதை இது. தந்தையின் பூர்வீகம் நெடுந்தீவு. அவர் பிறந்தது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில். குடும்பம் காணி பெற்றுக் குடியேறியதாற் சிறுவயது முதல் வளர்ந்தது வட்டக்கச்சியில். ஐரோப்பிய நாடொன்றிலே தஞ்சம் கோரியபோது முதல் விசாரணையில் அதிகாரி, எங்கிருந்து வருகின்றீர் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதனை, "எந்த ஊர்?" என்று தமிழாக்கினார். எம்மவரின் வாயில் வரக்கூடிய விடை ஒன்றே: "நெடுந்தீவு." சில மாதங்களின் பின் இரண்டாம் விசாரணை. அப்போது வேறொரு மொழிபெயர்ப்பாளர். எங்கிருந்து இடம்பெயர்ந்தீர் என்ற வினாவுக்கு வட்டக்கச்சி என்றார். பிறப்பத்தாட்சியிலோ யாழ்ப்பாணம். தாம் எங்கிருந்து வந்தவர் என்பதிலேயே மனுதாரர் மூன்று விதமாகக் கூறியுள்ளார், ஆகவே அவருடைய கூற்றை நம்புவதற்கில்லை என்று முடிவு வந்தது.

அம்மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மூன்றும் உண்மை. பிறந்த இடம், வதியும் முகவரி, நாட்டுரிமை என்ற கட்டங்கள் படிவத்திலே இருந்தன. ஊர் என்பதற்குக் கட்டம் இல்லை. அவர் ஒருநாளும் நிரந்தரமாக வாழாத நெடுந்தீவை ஊர் என்று சொன்னது, அவருடைய தந்தையாரின் மக்கள் அங்குள்ளவர்கள் என்பதனால். மேன்முறையீட்டுக்காக அவருடைய சட்டத்தரணி எம்மை அணுகியபோது, இச்சொல்லின் பொருளைப் பற்றி ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தோம். ஆகுபெயரையும் கல்வெட்டையும் அதிலே சேர்த்தோம். மேன்முறையீடு ஏற்கப்பட்டது. ஆனால் இடையிலே மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்காலத்திலே வட்டக்கச்சியிலிருந்த அவருடைய தாயார் காலமானார். ஈமக்கிரியைக்குச் செல்ல அவரால் இயலவில்லை.

ஆகையால், விசாரணைக்குச் செல்லவிருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கின்றோம். "எந்த ஊர்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்பாராயின், விடை சொல்வதற்கு முன்னர், பிறந்த இடத்தையா, வாழ்ந்த முகவரியையா, தாய் தந்தையரின் இடத்தையா கேட்கின்றீர்கள் என்று வினவுங்கள். மூன்றையும் தனித்தனியே, ஆண்டுகளோடு சொல்லுங்கள். விசாரணைக் குறிப்பைத் தமிழிலே திருப்பி வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள். கையொப்பமிடுமுன் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எம்மவர்க்கும் இதனையே சொல்வோம். அதிகாரி ஊரைக் கேட்கவில்லை. ஓர் இடத்தைக் கேட்கின்றார்.

கட்டுரையை முடிக்கும் வேளையிலே எமது மேசைக்கு ஓர் அழைப்பிதழ் விளம்பரத்துக்காக வந்து சேர்ந்தது. ஊர்ச்சங்கம் ஒன்றின் கோடைகால ஒன்றுகூடல். இடம்: ஜேர்மனியிலே ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். சங்கக்கடையும் வாசிகசாலையும் கோயில் வீதியும் இருந்த அவ்வூரிலே இன்று குடியிருப்போர் சிலர்; மண்டபத்துக்கு வருவோர் அவர்களிலும் பன்மடங்கினர். கீழே ஆட்பெயர் எதுவும் இல்லை. 'இங்ஙனம், ஊரவர்' என்று மட்டுமே இருந்தது. எழுதியவர் இளைஞராயிருத்தல் வேண்டும். நேரம் '15 ஊர்' என்று தமிழ் எழுத்திலேயே குறித்திருந்தார். பிழைதிருத்துபவர் அதனைப் 'பிற்பகல் 3 மணி' என்று மாற்றப்போனார். அப்படியே விடச் சொல்லிவிட்டோம்.